கோட்டைக்குக் கொத்தளம் எதற்கு?

கேள்வி இதுதான்: "ஒவ்வோர் ஆகஸ்ட் 15 அன்றும் ‘கோட்டை கொத்தளத்தில் முதலமைச்சர் கொடியேற்றினார்’ என்று செய்தியில் சொல்கிறார்கள். கோட்டை தெரியும். கொத்தளம் என்றால் என்ன? மதிலா, மொட்டை மாடி மாதிரி மேல்தளமா, இல்லை ஓசைக்காகச் சேர்த்த சொல்லா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டை மதில் நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவே ஓர் இடத்தில் வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வரும். அரைவட்டமாக, சதுரமாக, சில கோட்டைகளில் அம்பு முனை போலக் கூராக இருக்கும். மதிலின் மூலைகளில் கட்டாயம் இருக்கும். நீளமான மதிலானால் நடுநடுவேயும் இருக்கும். மேலே ஆட்கள் நிற்கவும், பிற்காலத்தில் பீரங்கி வைக்கவும் அகலமான தளம் இருக்கும். அந்தப் புடைப்புதான் கொத்தளம். ஆங்கிலத்தில் பாஸ்டியன் என்பது இதைத்தான். மதில் வேறு, கொத்தளம் வேறு. மதில் தடுக்கும், கொத்தளம் அந்த மதிலைக் காக்கும்.

ஓசைக்காகச் சேர்த்ததா என்று கேட்டது நல்ல கேள்வி. தமிழில் இப்படிச் சோடி சோடியாக வரும் சொற்கள் நிறைய. தோட்டம் துரவு என்கிறோம். துரவு என்றால் கிணறு. அது தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூட்டை முடிச்சு, காடு கழனி எல்லாம் அப்படித்தான். இரண்டாவது சொல்லுக்கும் தனியே ஒரு பொருள் உண்டு, முதல் சொல்லின் நிழலில் அது மங்கிப்போகிறது. கொத்தளத்துக்கும் அதுதான் நடந்தது. நம்மோடு மட்டும் நிற்கவில்லை. கன்னடத்தில் ‘கோட்டெ கொத்தல’ என்பார்கள், மலையாளத்தில் ‘கோட்டகொத்தளம்’ என்பார்கள். மூன்று மொழிகளிலும் இந்தச் சோடி ஒன்றாகவே புழங்குகிறது. தெலுங்கில் ‘புருஜு’ என்ற சொல்லே அதிகம் கேட்கும்; அது புர்ஜ் என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. கர்நூலில் இருக்கும் கொண்டாரெட்டி புருஜு என்பது, நம் பேச்சில் சொன்னால் கொண்டாரெட்டி கொத்தளம்.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கொத்து + தளம்’ என்று பிரித்து, பல தளங்கள் கொத்தாக இருப்பது என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அப்படியானால் கொத்துத்தளம் என்றல்லவா வந்திருக்க வேண்டும்? கன்னடத்துக் கொத்தலவில் தளமே இல்லையே. பொருள் தெளிவாக இருக்கும்போது பிறப்புக்காக ஒரு கதையைக் கட்ட வேண்டியதில்லை.

ஏன் புடைத்துக்கொண்டு வர வேண்டும்? நேராகவே கட்டிக்கொண்டு போனால் என்ன? கொத்தளத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, செஞ்சியில் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கா மகனை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குப் போயிருந்தேன். அப்போது அவனுக்குப் பத்து வயது. எல்லோரும் ராஜகிரி உச்சிக்கு ஏறுவதிலேயே குறியாக இருப்பார்கள். நாங்கள் அன்று அடிவாரக் கோட்டை மதிலையே சுற்றிக்கொண்டிருந்தோம். அவன் மதில் மேல் நின்றான். நான் வெளியே இறங்கி வந்து, முதுகு மதிலில் படும்படி ஒட்டி நின்றுகொண்டேன். கருங்கல் சூடு சட்டையைத் தாண்டி முதுகில் ஏறியது. மேலே பார்த்தால் அவன் தலை தெரியவில்லை, கைப்பிடிச் சுவரின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"நேரா உன் காலுக்குக் கீழதான் இருக்கேன்."

"தெரியலையே மாமா!"

"எட்டிப் பாக்காத. எட்டிப் பாத்தா உன் தலையக் குறி வச்சிருவாங்க. பக்கத்துல மதில் வெளிய வந்திருக்கு பாரு, அங்க போய் நின்னு பாரு."

ஓடும் சத்தம் கேட்டது. முப்பது நாற்பது அடி தள்ளி மதில் அரைவட்டமாக வளைந்து வெளியே வந்திருந்த இடத்தில் அவன் முகம் தெரிந்தது. அங்கிருந்து பக்கவாட்டில் பார்த்தான். என் செருப்பு முதற்கொண்டு தெரிகிறது என்றான். கையில் இருந்த காய்ந்த வேப்பங்கொட்டை ஒன்றை விட்டெறிந்தான். அது என் தோளில் பட்டது.

கொத்தளம் என்பது இவ்வளவுதான். நேர் மதிலின் மேல் நிற்பவனுக்குத் தூரத்தில் வரும் எதிரி தெரிவான். அதே எதிரி ஓடி வந்து மதிலை ஒட்டிவிட்டால் தெரிய மாட்டான். மதிலின் தடிப்பே காவலனின் கண்ணை மறைத்துவிடும். அந்த மறைவிடத்தில் நின்றுகொண்டு எதிரி கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கலாம், சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்கலாம், ஏணி சாத்தலாம். மதிலைவிட்டு வெளியே வந்து நிற்கும் ஒரு புடைப்பு இருந்தால், அங்கிருந்து மதிலின் முகத்தை நெடுகப் பார்க்கலாம், நெடுக எய்யலாம். ஒரு கொத்தளத்தின் அடியை அடுத்த கொத்தளம் பார்க்கும். அதன் அடியை இது பார்க்கும். ஒன்றுக்கொன்று துணை.

அதனால் இரண்டு கொத்தளங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதைக் கையில் இருக்கும் ஆயுதம்தான் முடிவு செய்யும். இங்கிருந்து எய்த அம்பு அடுத்த கொத்தளத்தின் காலடி வரை பலத்தோடு போக வேண்டும். அர்த்தசாஸ்திரம் கோட்டை கட்டுவதைச் சொல்லும் இடத்தில் இரண்டு அட்டாலகங்களுக்கு நடுவே 30 தண்டம் இடைவெளி என்கிறது. அட்டாலகம் என்பது மதில் மேல் எழும் காவல் கோபுரம். ஒரு தண்டம் ஏறக்குறைய 6 அடி. ஆக 180 அடி. ஒரு வில்லாளி நின்று, குறி பார்த்து, நிச்சயமாக அடிக்கக்கூடிய தூரம் அது. துப்பாக்கி வந்தபின் இடைவெளி நீண்டது.

சங்க காலத்தில் இதை என்ன சொன்னார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். கொத்தளம் என்ற சொல் சங்கப் பாடல்களில் இல்லை. ஆனால் கோட்டைக்கும் அதன் உறுப்புகளுக்கும் பழந்தமிழில் இருந்த சொற்களைப் பார்த்தால், இன்று நாம் எவ்வளவு குறைவான சொற்களோடு கோட்டையைப் பார்க்கிறோம் என்பது தெரியும். அரண், எயில், மதில், இஞ்சி, புரிசை. வெளியே காவற்காட்டுக்கு மிளை. நீர் நிறைந்த அகழிக்குக் கிடங்கு. மதிலின் உட்புறம் ஏறி நின்று போரிடும் மேடைக்குப் பதணம். அம்பு விடும் துளைக்கு ஏப்புழை. மதில் உச்சியில் பல் வரிசை போல எழுந்து நிற்கும் சிறு சிறு மறைப்புகளுக்கு ஞாயில். உரைகாரர்கள் அதற்குக் குருவித்தலை என்றும் பொருள் எழுதுகிறார்கள். எய்துவிட்டு அதன் பின்னே மறைந்துகொள்வார்கள். மதுரைக்காஞ்சி ‘நெடுமதில் நிரைஞாயில் அம்புஉமிழ் அயில்அருப்பம்’ என்கிறது. உயர்ந்த மதில், அதன் மேல் வரிசை வரிசையாக ஞாயில், அம்பைத் துப்புகிற கோட்டை. நான்கு சொல்லில் ஒரு கோட்டையை நிறுத்திவிட்டார் மாங்குடி மருதனார்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில் மேல் இருந்த பொறிகளை அடுக்கும் பகுதி பலருக்கும் பள்ளியில் அறிமுகமானது. கல்லுமிழ் கவண், வளைவிற் பொறி, ஐயவித் துலாம் என்று நீளும். அதில் பாதிப் பொருட்கள் தூரத்து எதிரிக்கானவை அல்ல என்பதைக் கவனியுங்கள். ‘பரிவுறு வெந்நெயும் பாகடு குழிசியும் காய்பொன் உலையும் கல்லிடு கூடையும்’ என்று வருகிறதே, கொதிக்கும் நெய்யைத் தூக்கி நூறு அடிக்கு வீச முடியாது. கீழே ஊற்றத்தான் முடியும். மதிலை ஒட்டி வந்துவிட்டவனுக்காக வைத்தவை இவை. நான் செஞ்சியில் முதுகு சாய்த்து நின்ற அதே மறைவிடம்தான் அன்றைய மதுரைக் காவலர்களுக்கும் தலைவலியாக இருந்திருக்கிறது. அவர்கள் வெந்நெய்யால் தீர்த்ததைப் பிற்காலத்தவர்கள் மதிலின் வடிவத்தை மாற்றித் தீர்த்தார்கள்.

வள்ளுவர் அரண் அதிகாரத்தில் ‘உயர்வகலம் திண்மை அருமை’ என்று நான்கு சொன்னார். உயரம் எதிரி ஏற முடியாமல் இருக்க. அகலம் உள்ளே இருப்பவர்கள் நின்று போரிட. திண்மை இடிபடாமல் இருக்க. அருமை நெருங்கவே முடியாமல் இருக்க. பீரங்கி வரும்வரை இந்த வரிசை மாறவில்லை. பீரங்கி வந்ததும் உயரம் என்ற முதல் குணமே குறையாகிவிட்டது.

உயரமான, மெல்லிய கோபுரம் பீரங்கிக்கு நல்ல இலக்கு. ஓர் இடத்தில் நாலு குண்டு பட்டால் மேல்பகுதி முழுக்கச் சரிந்து, அந்த இடிபாடே எதிரிக்கு ஏறிவரச் சரிவுப் பாதையாகிவிடும். அதனால் கொத்தளத்தின் உயரத்தைக் குறைத்தார்கள். தடிப்பைக் கூட்டினார்கள். வெளியே கல், உள்ளே இறுக்கி மிதித்த மண். கல் மட்டும் இருந்தால் குண்டு பட்டதும் விரிசல் ஓடும். பின்னால் மண் இருந்தால் அது குண்டின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கொத்தளத்தின் மேல்தளமும் அகலமானது. வில்லாளி நிற்கக் கொஞ்சம் இடம் போதும். பீரங்கி வெடித்ததும் பின்னுக்கு உதைக்கும், அதற்கு இடம் வேண்டும், திருப்ப இடம் வேண்டும், மருந்தும் குண்டும் வைக்க இடம் வேண்டும்.

வடிவமும் மாறியது. வட்டக் கொத்தளத்தில் ஒரு குறை உண்டு. பக்கத்துக் கொத்தளங்களில் இருந்து பார்த்தால் மதிலின் அடி முழுக்கத் தெரியும். ஆனால் வட்டத்தின் வயிற்றுக்கு நேர் முன்னே ஒரு சிறு முக்கோண இடம் யார் கண்ணுக்கும் படாது. அதை ஒழிக்கத்தான் இத்தாலியில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கூர்முனைக் கொத்தளத்தைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குப் படாத அந்த முக்கோணத்தையே கல்லால் நிரப்பிவிட்டது போன்ற வடிவம். மேலிருந்து பார்த்தால் கோட்டை நட்சத்திரம் போலத் தெரிவது இதனால்தான். அழகுக்காக யாரும் நட்சத்திரம் வரையவில்லை.

தமிழர் வாழும் மண்ணில் இந்த வடிவத்தை நன்றாகக் காண யாழ்ப்பாணத்துக்குப் போகலாம். போர்த்துகேயர் 1619ஐ ஒட்டிச் சதுரமாகக் கட்டிய கோட்டை அது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், 1658இல் பிடித்து, அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டி 1680இல் முடித்தார்கள். வெளி அரண்கள் முடிய 1792 ஆனது. ஐந்து மூலைக்கும் ஐந்து கூர்முனைக் கொத்தளங்கள். ஒவ்வொன்றுக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள்: ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து. முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், ஆன அந்தக் கொத்தளங்கள், வெளி வேலை முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1795இல், சண்டையில்லாமல் ஆங்கிலேயரிடம் போயின. உண்மையான போரை அவை பார்த்தது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்போது பட்ட அடியை இன்றும் கோட்டைக்குள் பார்க்கலாம்.

கல் கோட்டைதான் கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறேன். தாக்க வந்த படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி அதை அளந்ததுபோல் எழுதி வைத்திருக்கிறார். சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். முழுக்க மண். மதில் உயரம் 12 அடிதான். சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். அவற்றுக்கு நடுவே வெகு குறுகிய மதில். அகழி கிடையாது, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. கேட்பவர்களுக்கு இது என்ன கோட்டை என்று தோன்றும். 1801 மார்ச் 31 அன்று கும்பினிப் படை தாக்கித் தோற்றுத் திரும்பியது இந்த மண் கோட்டையிடம்தான். பீரங்கி பெயர்த்த இடிவின் மேல் ஏறி வந்தவர்களை உள்ளிருந்து நீண்ட ஈட்டிகள் எதிர்கொண்டன. கோட்டை விழ மே 24 வரை ஆனது. கொத்தளங்கள் நெருக்கமாகவும் நடு மதில் குறுகலாகவும் இருந்தது என்ற அந்த ஒரு குறிப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். கையில் இருந்தது ஈட்டியும் சில பழைய துப்பாக்கிகளும். அதற்கு ஏற்ற தூரத்தில் கொத்தளத்தை வைத்திருக்கிறார்கள். அந்த மதிலை எழுப்பியவர்கள் எந்த இத்தாலியப் பொறியாளருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டில் கொத்தளம் என்ற சொல் ஆட்சி முறையோடே பிணைந்திருந்த ஓர் ஊர் உண்டு. மதுரை. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் மதிலை நீக்கிவிட்டுப் பெரிய கோட்டை எழுப்பினார். அதற்கு 72 கொத்தளங்கள். அரியநாத முதலியார் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாளையக்காரர் பொறுப்பிலும் ஒரு கொத்தளத்தை விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. போர் என்று வந்தால் உன் ஆட்களோடு வந்து உன் கொத்தளத்தில் நில். இதைவிடத் தெளிவாகக் கொத்தளத்தின் பொருளை விளக்க முடியாது: மதில் எல்லோருக்கும் பொது, கொத்தளம் ஒருவர் பொறுப்பு.

அந்தக் கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். ஊர் நெருக்கடியாகிவிட்டது, அகழி நாறியது. இடிக்க அரசிடம் பணமில்லை. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த இடம் என்று அறிவித்தார். மண்ணோடு மண்ணாகிய அந்தக் கோட்டையின் கோட்டில்தான் இன்றைய வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் இருக்கின்றன. மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் அந்த வேலையில் இருந்தவர்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மேலவெளி வீதியில், ஒரு துண்டு மட்டும் தப்பி நிற்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் அருகே ஆயிரக்கணக்கானோர் தினமும் போகிறார்கள்.

தஞ்சாவூரில் இன்னொரு சொல் உயிரோடு இருக்கிறது. மேல அலங்கம், கீழ அலங்கம், வடக்கு அலங்கம், தெற்கு அலங்கம் என்று அங்கே தெருக்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் அலங்காரம் என்பதன் சிதைவோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அலங்கம் என்றால் கோட்டையின் மதில் அரண். பழைய தமிழ் விவிலியத்தின் சங்கீதம் 48இலும் இந்தச் சொல் இதே பொருளில் வருகிறது. கோட்டைச் சுவரை ஒட்டி ஓடிய தெருக்களுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. சுவர் பெரும்பாலும் போய்விட்டது, சொல் வீட்டு முகவரியில் இருக்கிறது.

அதே தஞ்சையில் கீழவாசல் பக்கம் பீரங்கி மேடு என்று ஓர் இடம். மேலே ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்தது. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் சூட்டில் அடித்து இணைத்துச் செய்தது, வார்த்ததல்ல. சுமார் 25 அடி நீளம், 20 டன்னுக்கு மேல் எடை. அதை ஏந்தி நிற்கும் அந்த மேடு என்ன? கோட்டையின் கிழக்கு வாசலைக் காத்த மேடை அது, கொத்தளம் செய்யும் வேலையைச் செய்தது. ஊர் மக்கள் அதற்குத் தங்கள் வாயில் வந்த பெயரை வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். கொத்தளம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் பீரங்கி மேடு என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு ஒன்று. மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு என்று சொல்கிறீர்களே, அங்கே புலியும் இல்லை, வார்டும் இல்லை. பூல்வார் என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக வந்து நம் நாக்கில் புலிவார்டு ஆனது. மலைக்கோட்டையைச் சுற்றி இருந்த கோட்டை மதிலையும் அகழியையும் 19ஆம் நூற்றாண்டில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போட்ட சாலைகள் அவை. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் போல்வெர்க் என்ற பழைய டச்சுச் சொல். பொருள், கோட்டை அரண். பாரிஸில் 17ஆம் நூற்றாண்டில் மதிலை எடுத்துவிட்டு அதன் மேல் மரம் நட்டுச் சாலை போட்டபோது அரணின் பெயரே அகலச் சாலைக்குப் பெயராகிவிட்டது. திருச்சியிலும் அதுவே நடந்தது. ஆக, புலிவார்டு ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறவர் சொல்லாலும் இடத்தாலும் அலங்கத்தின் மேல்தான் போகிறார்.

இனி கொடிக்கு வருகிறேன், கேள்வி அங்கிருந்துதானே தொடங்கியது.

கோட்டை மதில் மேல் கொடி என்பது வெறும் சடங்கு அல்ல. கோட்டை யார் கையில் என்பதைத் தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லும் வழி அது. வேலூரில் 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்னே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, கோட்டையைப் பிடித்ததும் ஏற்றியது திப்புவின் கொடியை. ஆனால் தப்பிப் பிழைத்த 69ஆம் படைப்பிரிவு வெள்ளையர் சிலர் வாசலுக்கு மேலே மதிலில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பறந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி, கதவு திறக்கக் காத்திருக்காமல் கயிற்றைப் பிடித்து அந்த இடத்துக்குத்தான் ஏறினார். மதிலும் முற்றமும் முழுக்க ஒருவர் கையில் இருந்தும், மேலே ஓர் இடம் எதிரியிடம் இருந்தது. அன்று பகலுக்குள் எழுச்சி அடக்கப்பட்டது. அடுத்து நடந்த கொலைகளை நினைத்தால் அந்த மதில் மேல் நடக்கக் கால் கூசும். வேலூர்க் கோட்டையில் அகழிக்கரையில் நின்று பார்த்தால் மதில் நெடுக வட்டமும் சதுரமுமாகக் கொத்தளங்கள் வருவது அழகாகத் தெரியும். இந்தச் சொல்லைக் கண்ணால் கற்றுக்கொள்ளத் தமிழ்நாட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை.

சென்னையில், ஆங்கிலேயர் 1640இல் கட்டத் தொடங்கிய முதல் கோட்டை நான்கு மூலைக்கும் நான்கு கொத்தளம் கொண்ட சின்னச் சதுரம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சில நாட்களிலேயே பிடித்துவிட்டார்கள். திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர் கொத்தளங்களை வலுப்படுத்தத் தொடங்கினார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது வடக்கு முகத்துக் கொத்தளங்கள் அடி வாங்கின; முற்றுகை இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டும் கோட்டை விழவில்லை. இன்று தலைமைச் செயலகத்தைச் சுற்றி நாம் பார்க்கும் வடிவம் அதற்குப் பின் விரிவாக்கிக் கட்டியது.

1973 வரை சுதந்திர தினத்தன்று இங்கே ஆளுநர்தான் கொடியேற்றினார். முதலமைச்சர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று கருணாநிதி கேட்டுப் பெற்றார். 1974 ஆகஸ்ட் 15 அன்று அவரே ஏற்றினார். அன்று முதல் எல்லா மாநிலங்களிலும் சுதந்திர தினக் கொடி முதலமைச்சருக்கு, குடியரசு தினக் கொடி ஆளுநருக்கு. அந்தச் செய்தியோடு ‘கோட்டை கொத்தளம்’ என்ற சொல்லும் ஆண்டுக்கு ஒருமுறை வீடுதோறும் கேட்கத் தொடங்கியது. ஆங்கிலச் செய்தியில் ராம்பார்ட் என்று வரும். அது மதிலின் மேல்தளம், பாஸ்டியன் அல்ல. கொடியேறும் இடமும் கடலைப் பார்த்த மதிலின் மேல்தான் இருக்கிறது. சோடியாகவே வழங்கும் சொல் என்பதால் கொத்தளம் என்று எழுதிவிடுகிறார்கள்.

இதைத் தவறு என்று அடித்துவிட நான் தயாராக இல்லை. ‘கோட்டை கொத்தளம்’ என்று சேர்த்துச் சொன்னால் கோட்டையும் அதன் அரண்களும் என்று மொத்தமாகப் பொருள் வருகிறது, பேச்சில் அது சரிதான். ஆனால் ஒரு கோட்டையை விவரித்து எழுதும்போதோ, மொழிபெயர்க்கும்போதோ, பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டும்போதோ பிரித்துச் சொல்லுங்கள். நீண்டு ஓடுவது மதில். அதன் மேல் நடக்கும் தளத்தை மதில் மேடை என்றோ, தஞ்சைக்காரர்களைப் போல அலங்கம் என்றோ சொல்லலாம். உச்சியில் பல் வரிசையாக நிற்பது ஞாயில். வெளியே புடைத்து வந்து பக்கத்து மதிலின் அடியைப் பார்ப்பது கொத்தளம். உங்கள் செய்தி வாக்கியத்தைத் திருத்தச் சொன்னால் ‘கோட்டை மதில் மேல் முதலமைச்சர் கொடியேற்றினார்’ என்று எழுதுவேன்.